வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்

ஜெயங்கொண்டத்தில் எங்கள் வீட்டு மாடியில் ஓர் அறை உண்டு. பத்தடிக்குப் பன்னிரண்டடி; கிழக்கே பார்த்த சன்னல்; வெளிப்புறமாக ஏறும் படிக்கட்டு. மூத்த மகனுக்கென்று கட்டியது. அவன் வேலை தேடித் திருப்பூருக்குப் போய் அங்கேயே குடியேறிவிட்டான். அதன்பின் அந்த அறையில் முந்திரிக்கொட்டை மூட்டைகளும் ஒரு பழைய கட்டிலும் மட்டுமே குடியிருந்தன. கதவில் ‘அறை வாடகைக்கு’ என்று எழுதிய அட்டை ஒன்று, மழைக்கும் வெயிலுக்கும் எழுத்து மங்கித் தொங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில், ஒரே வாரத்தில் இருவர் தங்க இடம் தேடியதை நான் அருகிருந்து கண்டேன். ஒருத்தி என் இளைய மகள். ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகம் நடத்தும் இரண்டு மாதக் கோடைக்காலப் படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. ஆகஸ்டு முதல் நாள் அங்கே இருக்க வேண்டும். படிக்க இடம் கொடுத்தவர்கள், படுக்க இடத்தை நீயே பார்த்துக்கொள் என்று எழுதிவிட்டார்கள். மற்றவர் ஓர் இளைஞர். கங்கைகொண்ட சோழபுரத்துச் சிற்பங்களை அளந்து வரைந்து ஆய்வேடு எழுதுவதற்காக வட மாவட்டம் ஒன்றிலிருந்து வந்தவர். அவருக்கும் வேண்டியிருந்தது இரண்டு மாதம் தங்க ஓர் அறைதான்.

மகளின் தேடலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் பெற்றோர் நம் பங்குகளில் பெருகிவிட்டதால் சிலருக்கு அது பயன்படலாம். மாணவர் விடுதிகள் அரையாண்டுக்கோ ஓராண்டுக்கோதான் அறை தருகின்றன. இரண்டு மாதம் என்றால் முகம் கொடுப்பதில்லை. ஆனால் அந்நாட்டில் ஜூலையோடு வகுப்புகள் முடிகின்றன. உள்ளூர் மாணவர்கள் வீட்டுக்கும் பயிற்சிக்கும் புறப்படும்போது, தங்கள் அறையை இடைக்கால வாடகைக்கு விட்டுப் போவது அங்கே வழக்கம். வீட்டு உரிமையாளரின் இசைவு அதற்கு வேண்டும். முன்பணம் மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்பது அந்நாட்டுச் சட்டம். இதையெல்லாம் அவள் தானாகவே படித்துத் தெரிந்துகொண்டாள். தெரிந்திருந்தும் ஒருமுறை ஏமாற இருந்தாள். அழகான அறை, மலிவான வாடகை, பளபளக்கும் படங்கள். ‘நான் இப்போது அயல்நாட்டில் இருக்கிறேன், முன்பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்’ என்று ஒரு கனிவான கடிதம். பணம் அனுப்பும் நாளன்று, பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தை ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அப்படி ஒரு வீடே அந்தத் தெருவில் இல்லை என்று அங்கிருந்து பதில் வந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

ஒவ்வொரு வீட்டாருக்கும் அவள் தன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டியிருந்தது. என்ன படிக்கிறாள், எப்போது தூங்குவாள், என்ன சமைப்பாள், புகைப்பாளா என்றெல்லாம். முப்பதுக்கு மேற்பட்ட கடிதங்கள். வந்த பதில்கள் நான்கு. பதில் வராத ஒவ்வொரு நாளும் என் மனம் ஒரே இடத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. பெயரைப் பார்த்து ஒதுக்குகிறார்களோ? நிழற்படத்தில் நிறத்தைப் பார்த்து ஒதுக்குகிறார்களோ? முன்பின் தெரியாத மனிதர்மேல், அவர்கள் செய்தார்களா இல்லையா என்று அறியாமலே, எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

அந்தக் கோபத்தோடு திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு பகற்பொழுதில்தான் அந்த இளைஞர் வந்தார். தோளில் ஒரு துணிப்பை, கையில் சுருட்டிய வரைதாள்கள். வாசல் நிலைக்கு மேலிருந்த திருஇருதய ஆண்டவர் படத்தைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்ததை நான் கவனித்தேன். தண்ணீர் கொடுத்தேன். அட்டையைப் பார்த்து வந்ததாகச் சொன்னார். நான் கேட்கத் தொடங்கினேன்.

“தம்பிக்கு எந்த ஊரு?”

சொன்னார்.

“அங்க எந்தத் தெரு?”

நம் பகுதியில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்த இரண்டாம் கேள்வியின் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை. அஞ்சல்காரர் கேட்டால் அது முகவரி. வீட்டுக்காரர் கேட்டால் அது வேறு. அவருக்கும் அது புரிந்தது. ஒளிக்காமல், தலையைத் தாழ்த்தாமல் பதில் சொன்னார். தாமும் திருமுழுக்குப் பெற்றவர்தாம் என்றும், தம் ஊர்ப் பங்கில் பாடற்குழுவில் இருந்தவர் என்றும் சேர்த்துச் சொன்னார். நான் சிறிது நேரம் தெருவைப் பார்த்தேன். பிறகு, “வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் தம்பி, நம்பரைக் கொடுத்துவிட்டுப் போங்க” என்றேன். வீட்டில் கேட்கவேண்டியவள் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். நான் அவளைக் கேட்கவில்லை.

ஒருவர் தம் வீட்டில் யாரை வைப்பது என்று தீர்மானிக்க அவருக்கு உரிமை இல்லையா? இந்தக் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. வயதுவந்த பெண் இருக்கும் வீடு. ஒரே கிணறு, ஒரே முற்றம். இரவில் யார் வருவார், யார் போவார் என்ற கவலை. இவை பொய்க் கவலைகள் அல்ல. என் மகளிடம் அந்நாட்டார் கேட்ட கேள்விகளும் இத்தகையவைதாம். எத்தனை நாள் இருப்பாய், எத்தனை மணிக்கு வருவாய், புகைப்பாயா என்பவை ஒருவர் என்ன செய்வார் என்பதைப் பற்றிய கேள்விகள். அவற்றுக்கு அவர் பதில் சொல்லலாம்; வேண்டுமானால் தம் பழக்கத்தை மாற்றிக்கொள்ளலாம். ‘எந்தத் தெரு’ என்பது அப்படியன்று. அந்தப் பதிலை அவரால் மாற்ற இயலாது. அந்தப் பதிலால் என் வீட்டுக் கிணற்றுக்கோ முற்றத்துக்கோ ஒன்றும் நேரப்போவதும் இல்லை. நான் அவரை அறிந்துகொள்ளக் கேட்டேனா, நிறுத்திவைக்கக் கேட்டேனா? அந்த வாரம் முழுதும் இதை நான் என்னிடமே கேட்டுக்கொண்டிருந்தேன். விடை தெரிந்துதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சட்டம் இந்த இடத்தில் தயங்கி நிற்கிறது. நம் அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு கடைகள், உணவகங்கள், தங்கும் விடுதிகள், கிணறுகள், குளங்கள் ஆகியவற்றில் சாதி, சமயம் பார்த்து ஒருவரைத் தடுக்கலாகாது என்கிறது. தனியார் தம் வீட்டு அறையை வாடகைக்கு விடுவதை அது பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. ஒரு சமயத்தார் தங்களுக்குள் மட்டுமே வீட்டுமனை கொடுத்து வாங்கும் கூட்டுறவுச் சங்கத்தின் விதி செல்லும் என்று 2005ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜெர்மனியில் 2006ஆம் ஆண்டு வந்த சமநடத்தைச் சட்டம் வாடகை வீடுகளையும் உள்ளடக்கியது. ஆயினும் உரிமையாளரும் குடியிருப்பவரும் ஒரே மனையில் நெருங்கி வாழும் நிலை என்றால், அங்கும் ஒரு விலக்கு இருக்கிறது. சட்டம் வாசற்படிவரை வந்து செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொள்கிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன். உள்ளே வந்து என் மனைவிக்கும் எனக்கும் நடுவே அது உட்காரவேண்டும் என்று நானே விரும்பமாட்டேன். ஆனால் சட்டம் நின்றுவிட்ட இடத்தில் நான் தனியாக விடப்பட்டேன்.

மெய்யியலாரைத் துணைக்கு அழைத்தேன். இம்மானுவேல் காந்த் 1795ஆம் ஆண்டு நிலையான அமைதியைப் பற்றி எழுதிய சிறு நூலில் அந்நியரின் உரிமையைப் பேசுகிறார். பூமி உருண்டை; மனிதர் முடிவின்றிச் சிதறிப்போக அதில் இடமில்லை; எனவே ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொண்டாக வேண்டும் என்பது அவர் வாதம். பிறர் மண்ணுக்கு வருகிறவர், பகைவராக நடத்தப்படாதிருக்க உரிமை உடையவர். விருந்தினராகவே தங்க உரிமை அவருக்கில்லை, அதற்குத் தனி உடன்பாடு வேண்டும் என்கிறார். பிறந்த நகரைச் சுற்றியே வாழ்ந்து முடித்த மனிதர் உலகம் முழுவதுக்கும் விருந்தோம்பல் விதி வகுத்தது எனக்கு எப்போதும் வியப்பே. நம் தமிழோ வேறொரு திசையில் போயிருக்கிறது. ‘விருந்து’ என்ற சொல்லுக்கே புதுமை என்பதுதான் பழம்பொருள். முன்பு அறியாதவர், புதிதாக வந்தவர் எவரோ, அவரே விருந்து. மாமன் மகன் வருவது உறவு. இன்று நாம் உறவினருக்குச் சோறு போட்டுவிட்டு அதையே விருந்து என்கிறோம். புதிதாய் வந்தவரிடம் தெருவைக் கேட்கிறோம்.

வாடகை கொடுக்கிறவரிடம் விருந்தோம்பல் எதற்கு, அது வெறும் கொடுக்கல் வாங்கல்தானே என்று நண்பர் ஒருவர் சொன்னார். கேட்கச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் படிக்க வந்தவர்களுக்கான இடம் வெறும் சந்தைப் பொருளன்று என்பதை நம் திருச்சபை மிகப் பழங்காலத்திலேயே உணர்ந்திருந்தது. 1231ஆம் ஆண்டு ஒன்பதாம் கிரகோரியார் பாரீசுப் பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆணை மடலில், மாணவர் தங்குமிடங்களின் வாடகையை வரையறுக்கும் உரிமையும் இருந்தது. அந்த உரிமை மறுக்கப்பட்டால் வகுப்புகளையே நிறுத்திவிடலாம் என்றும் அதில் இடம் தரப்பட்டது. ஏழை மாணவர்களுக்கு அந்நகரில் தங்க வழியில்லை என்பதால்தான் 1257ஆம் ஆண்டு அளவில் ரொபேர் தெ சொர்போன் என்ற குரு ஓர் இல்லம் தொடங்கினார். உலகம் இன்று சொர்போன் என்று புகழும் கல்விக்கூடத்தின் தொடக்கம் அது.

நம் பக்கத்திலும் இதற்குக் குறைவில்லை. கங்கைகொண்ட சோழபுரத்தை எழுப்பிய முதலாம் இராசேந்திரன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டு, 340 மாணவர்களையும் 14 ஆசிரியர்களையும் கொண்ட ஒரு கல்லூரியைச் சொல்கிறது. ஒவ்வொரு மாணவருக்கும் நாள்தோறும் இத்தனை நெல் என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். படிக்கும்போது நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் அது வேதக் கல்லூரி. எந்தத் தெரு என்ற கேள்விக்கு ஒரே ஒரு பதில் உடையவர்களே அங்கே நுழைய முடிந்தது. தொள்ளாயிரம் ஆண்டுகள் கழித்து, 1920களின் நடுவில், சேரன்மாதேவி குருகுலத்தில் பிள்ளைகளைச் சாப்பாட்டுக்குத் தனித்தனியே உட்காரவைத்த செய்தி தமிழகத்தைக் கலக்கியபோதும் கேள்வி அதேதான்.

இவற்றையெல்லாம் நான் படித்துக்கொண்டிருந்தது, உண்மையைச் சொன்னால், அந்த இளைஞரைத் தொலைபேசியில் அழைக்காமலிருக்க ஒரு சாக்காக. படிப்பும் சில வேளை நல்ல ஒளிவிடம். அந்த ஒளிவிடத்திலிருந்து என்னை வெளியே இழுத்துப் போட்டது டாக்டர் அம்பேத்கரின் தன்வரலாற்றுக் குறிப்புகள்.

பரோடா மன்னரின் உதவித்தொகையில் அவர் 1913ஆம் ஆண்டு நியூயார்க் சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தார். அங்கே அவருக்குத் தங்க இடம் கிடைத்தது. பார்சி மாணவர் ஒருவரின் வாழ்நாள் நட்பும் கிடைத்தது. பிறகு இலண்டன். தாம் தீண்டத்தகாதவர் என்ற நினைவையே அந்த ஆண்டுகள் தம் மனத்திலிருந்து துடைத்துவிட்டதாக அவர் எழுதுகிறார். 1917ஆம் ஆண்டு, உதவித்தொகைக்குக் கைம்மாறாக அரசுப்பணி செய்ய பரோடா வந்து இறங்கியபோது முதல் கேள்வி, எங்கே தங்குவது என்பதே. இந்து விடுதிகளில் இடமில்லை. பார்சிகளின் சத்திரம் ஒன்றில் பார்சிப் பெயரில் பதிந்துகொண்டு, ஆளில்லாத இருண்ட மாடியில் நாள்களைக் கழித்தார். பதினோராம் நாள் காலை, தடிகளோடு வந்த ஒரு கூட்டம் அன்று மாலைக்குள் வெளியேறச் சொல்லிவிட்டுப் போயிற்று. கொலம்பியாவில் படித்து வந்த அந்த மனிதர் இரண்டு நண்பர்களிடம் போனார். ஒருவர் இந்து. நீங்கள் வந்தால் என் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். மற்றவர் ஓர் இந்தியக் கிறிஸ்தவர். அவர் மறுக்கவில்லை. மனைவி மறுநாள் வருகிறாள், அவளைக் கலந்துகொண்டு சொல்கிறேன் என்றார். அது நயமாகச் சொன்ன மறுப்பே என்று பின்னர் புரிந்தது என்கிறார் அம்பேத்கர். அன்று பொதுப் பூங்கா ஒன்றில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, இரவு இரயிலில் பம்பாய் திரும்பினார்.

நான் புத்தகத்தை மூடினேன். நூறு ஆண்டு இடைவெளியில், அதே சொற்கள். அந்தக் கிறிஸ்தவ நண்பர் தீயவராக இருந்திருக்க மாட்டார். ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போனவராகவே இருந்திருப்பார். தம் மனைவியின் பின்னால் ஒளிந்துகொண்டார், அவ்வளவுதான்.

நம் பங்குகளில் கிறிஸ்து பிறப்பு நாடகம் போடுகிறபோது சத்திரக்காரனாக ஒருவன் வந்து, கைவிளக்கைத் தூக்கிப் பிடித்துச் சூசையப்பரை விரட்டுவான். கூட்டம் சிரிக்கும். நற்செய்தியைத் திறந்து பாருங்கள். அதில் சத்திரக்காரன் என்று ஒருவனே இல்லை. இடமில்லை என்ற செய்தி மட்டும் இருக்கிறது. அதைச் சொன்னவர் யாரென்று இல்லை. ஒரு முகம் இருந்தால் பழியை அவன்மேல் போட்டுவிட்டு நாம் பந்தலில் உட்காரலாம் என்றுதான் நாம் அவனை உண்டாக்கிக்கொண்டோம் போலும். உண்மையில் பெத்லகேமில் ஒவ்வொரு வீட்டாரும் வீட்டில் கேட்டுச் சொல்வதாகத்தான் சொல்லியிருப்பார்கள்.

அந்தச் சூசையப்பரை வளன் என்று பெயரிட்டுத் தேம்பாவணி பாடியவர் நம் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் வாழ்ந்தவர். இத்தாலியில் பிறந்த பெஸ்கி அடிகள் 1711ஆம் ஆண்டு தமிழ்நாட்டுக்கு வந்தபோது, அவரும் மொழி கற்க வேண்டியிருந்த ஓர் அயல்நாட்டு மாணவரே. இம்மண்ணார் அவருக்கு இடம் கொடுத்தார்கள். ஆசிரியர்கள் தமிழ் கொடுத்தார்கள். கோவிலுக்கு அரியலூர் மழவராயர் நிலம் கொடுத்தார் என்பது வழிவழிச் செய்தி. அவர் தம் அன்னைக்கு இட்ட பெயர் அடைக்கல மாதா. ஊருக்கு இட்ட பெயர் திருக்காவலூர். நான் ஆண்டுதோறும் அந்தத் திருவிழாவுக்குப் போகிறவன். தேர் வடத்தைத் தொட்டு அடைக்கலம் கேட்கிறவன். அடைக்கலம் கேட்பது எனக்கு நன்றாக வருகிறது.

இடம் கொடுத்துவிட்டால் மட்டும் முடிந்துவிடுகிறதா என்றால் அதுவும் இல்லை. நம் மறைமாவட்டத் தலைநகரான கும்பகோணத்தில் வளர்ந்த கணிதமேதை இராமானுஜன் 1914ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் போனார். முதலில் நெவில் என்ற பேராசிரியர் தம் வீட்டிலேயே அவரைத் தங்கவைத்தார். பிறகு டிரினிட்டி கல்லூரியில் அறை கிடைத்தது. குறையொன்றும் இல்லாத ஏற்பாடு. குளிர்காலத்தில் ஒருநாள் அவருடைய நண்பர் மகலனோபிஸ், பின்னாளில் புள்ளியியல் அறிஞராகப் பெயர் பெற்றவர், இரவில் குளிர் தாங்குகிறதா என்று கேட்டார். மேலங்கியைப் போட்டுக்கொண்டு சால்வையைச் சுற்றிக்கொண்டு படுக்கிறேன், அப்படியும் குளிர்கிறது என்றார் இராமானுஜன். நண்பர் உள்ளே போய்ப் பார்த்தார். கம்பளிகள் மெத்தையோடு சேர்த்துச் செருகப்பட்டு, மேலே ஒரு விரிப்பு போட்டிருந்தது. அவற்றைப் பிரித்து உள்ளே நுழைந்து படுக்கவேண்டும் என்று இராமானுஜனுக்குத் தெரியாது. அவர் கம்பளிகளின்மேல், அந்த விரிப்புக்கு அடியிலேயே படுத்து வந்திருக்கிறார். கல்லூரி அறை கொடுத்தது, கட்டில் கொடுத்தது, கம்பளிகளும் கொடுத்தது. குளிருகிறதா என்று கேட்க மட்டும் தன்னைப்போன்றே கடல்கடந்து வந்த இன்னொரு மாணவன் தேவைப்பட்டான்.

என் மகளுக்கு ஜூலை மாத இறுதியில் இடம் கிடைத்தது. எழுபது கடந்த ஒரு கைம்பெண்ணின் வீடு. அந்நகரத்துப் பங்கு ஆலயத்தின் அறிவிப்புப் பலகை வழியாகக் கிடைத்தது. போய்ச் சேர்ந்த இரவு தொலைபேசியில் பேசினாள். அந்த அம்மாள் சன்னலை எப்படிச் சாய்த்துத் திறப்பது, குப்பையை எப்படி வகை பிரித்துப் போடுவது என்று ஒவ்வொன்றாகச் செய்து காட்டினாராம். படுக்கையை விரித்துக் காட்டிவிட்டு, உன் ஊரில் வெயில் அதிகமாமே, இங்கே உனக்கு ஆகஸ்டு மாதம்கூடக் குளிரும் என்று சொல்லி இன்னொரு போர்வையும் எடுத்து வைத்தாராம். “வேற என்னம்மா கேட்டாங்க?” என்றேன். “சாப்பிட்டியான்னு கேட்டாங்கப்பா” என்றாள்.

மறுநாள் காலையில் அந்த இளைஞரை அழைத்தேன். அவர் கும்பகோணத்தில் ஒரு நண்பரோடு தங்கி, அணைக்கரை வழியாக நாள்தோறும் பேருந்தில் வந்து போய்க்கொண்டிருந்தார். அறை இருக்கிறது, வந்துவிடுங்கள் என்றேன். ஏன் இத்தனை நாள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும். “பரவாயில்லைங்க ஐயா, இன்னும் ஒன்பது நாள் வேலைதான் பாக்கி” என்றார். குரலில் மரியாதை குறையவில்லை; அதுதான் என்னை மிகவும் வருத்தியது.

அன்று மாலையே என் மனைவி மாடியைக் கூட்டிக் கழுவிவிட்டாள். மூட்டைகள் கீழே வந்தன. அட்டையைப் புதிதாக எழுதி மாட்டினோம். சென்ற மாதம், ஊருக்குப் புதிதாக வந்த ஒரு மாணவர் அதைப் பார்த்துவிட்டுப் படியேறி வந்தார். “தம்பிக்கு எந்த ஊரு?” என்றேன், பழக்கத்தில். சொன்னார். அடுத்த கேள்வி நாக்கு நுனிவரை வந்தது, மறைப்பதற்கில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் கதவுக்குப் பின்னாலிருந்து என் மனைவியின் குரல் கேட்டது.

“சாவியை எடுத்துக்கிட்டு வரட்டுங்களா?”